பெயரில் இல்லாத இரக்கம்

ஒரு படைப்புக்கு அதன் தலைப்பே வாசல் என்பார்கள். சில வாசல்கள் வீட்டின் உள்ளமைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடும். வேறு சில, உள்ளே இருப்பதற்கு நேர்மாறானதைச் சொல்லி நம்மை நிறுத்தும். 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் வெளியான ஒரு மல்யுத்த வீடியோ விளையாட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப். நோ மெர்சி’ என்பது அதன் பெயர். ‘இரக்கம் கிடையாது’ என்று நாம் அதைப் பெயர்க்கலாம். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடும் நின்டென்டோ 64 என்னும் கருவிக்காக, ஜப்பான் நாட்டின் ஆக்கி நிறுவனமும் அஸ்மிக் ஏஸ் நிறுவனமும் உருவாக்க, டி.எச்.கியூ. என்னும் அமெரிக்க நிறுவனம் அதை வெளியிட்டது.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தக் கருவியின் உற்பத்தி என்றோ நின்றுபோயிற்று. வெளியிட்ட நிறுவனம் 2012ஆம் ஆண்டின் இறுதியில் திவாலாகி, பின்னர் கலைந்தது. மல்யுத்தக் கழகமே 2002இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆயினும் மல்யுத்த விளையாட்டுகளுள் இதற்கு ஈடானது இன்றுவரை வரவில்லை என்று வாதிடுவோர் பலர் உள்ளனர். வெறும் இளமைக்கால ஏக்கம் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. ஏக்கத்துக்கு உரிய பழைய விளையாட்டுகள் ஏராளம். அவற்றுள் மீண்டும் மீண்டும் கையில் எடுக்கப்படுபவை சிலவே. இது ஏன் அச்சிலவற்றுள் ஒன்றாயிற்று? தன் பெயருக்கு முரணான ஓர் இரக்கம் இதன் கட்டமைப்பிலேயே அமைந்திருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து. அதனை விளக்குவதும், அந்த இரக்கம் எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பொய்ப்போரும் மெய்வலியும்

முதலில் மூலப்பொருளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மேலைநாட்டுத் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் கோதாவில் இறங்குமுன்பே முடிவு செய்யப்படுகின்றன. இதை எதிரிகள் சுமத்திய பழி என்று எண்ண வேண்டாம். 1989ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலச் செனட் அவையின்முன் மல்யுத்தக் கழகமே இதனை ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, ‘நாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கை’ என்ற நிலையை அது எடுத்தது.

அப்படியானால் இது வெறும் ஏமாற்று வித்தையா? பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் இவ்வினாவை வேறு கோணத்தில் அணுகினார். எம்மானுவேல் மூனியே தொடங்கிய ‘எஸ்ப்ரி’ இதழில் 1952இல் அவர் மல்யுத்தம் பற்றி எழுதிய கட்டுரை, 1957இல் ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையாயிற்று. மல்யுத்தத்தைப் போட்டியாகப் பார்ப்பதே பிழை, அது ஒரு காட்சிக்கலை, துன்பமும் தோல்வியும் நீதியும் ஐயத்துக்கு இடமின்றி உடலிலும் முகத்திலும் எழுதிக் காட்டப்படும் கலை என்பதே அவர் வாதத்தின் சாரம். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று வகுத்ததை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வெகுளியும் இளிவரலும் பெருமிதமும் உடலின் வழியே வெளிப்பட வேண்டும். பார்ப்பவர் அதை உணர வேண்டும். பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் விழப்போகிறான் என்பது தெருக்கூத்துப் பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருப்பதால் எவரும் எழுந்து போய்விடுவதில்லை.

இக்கலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவர் மற்றவரைத் தூக்கி எறியும்போது, எறியப்படுபவரும் அந்த எறிதலில் பங்குகொள்கிறார். அவர் தக்க கணத்தில் எழும்பிக்கொடுக்காவிட்டால் தூக்குதல் இயலாது. முறையாக விழத் தெரியாவிட்டால் கழுத்து முறியும். தூக்குபவரும் எதிராளியின் உயிரைத் தம் கைகளில் ஏந்தியிருக்கிறார். பகைமையாக நடிக்கப்படுவது உண்மையில் நம்பிக்கை. தோற்பதையே வழக்கமான பணியாகக் கொண்ட மல்லர்களும் அத்தொழிலில் உண்டு. ‘ஜாப்பர்’ என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். வெல்பவரை வெற்றியாளராக உலகத்துக்குக் காட்டுவது இவர்களுடைய தோல்வியே. வீழ்பவரின் உழைப்பு இல்லையேல் வெல்பவருக்குப் பெருமை இல்லை.

பொத்தானைப் பதம் பார்த்த விளையாட்டுகள்

இத்தகைய கலையை வீடியோ விளையாட்டாக மாற்றுவோருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. திரையின் முன் அமரும் இருவரும் உண்மையாகவே வெல்ல விரும்புகிறார்கள். முடிவை யாரும் முன்கூட்டி எழுதவில்லை. கூட்டுறவால் உருவாகும் ஒரு கலையைப் போட்டியின் வாயிலாக எப்படிக் காட்டுவது?

முந்தைய விளையாட்டுகள் பல இச்சிக்கலை உணரவே இல்லை. 1993இல் வந்த ‘ராயல் ரம்பிள்’ விளையாட்டில் இரு மல்லர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டதும், எவர் பொத்தானை விரைவாகத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாரோ அவரே மேலோங்குவார். கட்டைவிரல் வலிக்கும்; மனத்துக்கு வேலை இல்லை. எதிரில் இருப்பவர் யார், என்ன எண்ணுகிறார் என்று கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆக்கி நிறுவனம் வேறு வழியை நாடியது. 1996இல் பிளேஸ்டேஷன் கருவிக்காக ‘வர்ச்சுவல் புரோ ரெஸ்லிங்’ என்ற விளையாட்டைச் செய்த அது, பின்னர் நின்டென்டோ 64க்கு மாறியது. 1997இல் ‘வேர்ல்டு டூர்’, 1998இல் ‘ரிவெஞ்ச்’, 1999இல் ‘ரெஸில்மேனியா 2000’, அடுத்த ஆண்டில் ‘நோ மெர்சி’ என்று ஆண்டுக்கொன்றாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. இவற்றுக்கிடையே, 2000ஆம் ஆண்டு சனவரியில் ‘வர்ச்சுவல் புரோ ரெஸ்லிங் 2’ ஜப்பானில் மட்டும் வெளியாயிற்று. ஜயன்ட் பாபா 1972இல் நிறுவிய ‘ஆல் ஜப்பான்’ கழகத்தின் மல்லர்கள் அதில் இடம்பெற்றனர். அமைதியாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கனம் கூடி, நீண்ட நேரத்துக்குப் பின் உச்சத்தைத் தொடுவது அக்கழகத்தின் ஆட்டமுறை. அமெரிக்கக் கழகமோ சவடாலுக்கும் வாண வேடிக்கைக்கும் பெயர் பெற்றது. ‘நோ மெர்சி’யின் மேல்தோல் அமெரிக்கத் தோல், உள்ளே ஓடும் நாடித்துடிப்பு ஜப்பானியத் துடிப்பு.

பிடியும் எதிர்ப்பிடியும்

விளையாடும் முறையைப் பார்ப்போம். எதிராளியைப் பற்றுவதற்கு ஒரு பொத்தான். அடிப்பதற்கு ஒரு பொத்தான். பற்றும் பொத்தானைச் சட்டென்று அழுத்தி விட்டால் இலேசான பிடி. சிறிது நேரம் அழுத்தியே வைத்திருந்தால் வலிய பிடி. பற்றிய பின்னர், எந்தத் திசையோடு எந்தப் பொத்தானைச் சேர்க்கிறோமோ அதற்கேற்ப வீச்சு அமையும். அடிக்கும் பொத்தானுக்கும் இதே முறை. அடிப்படை இவ்வளவே. பத்து நிமிடத்தில் சிறுவரும் கற்றுக்கொள்வர்.

ஆனால் அந்த ‘இலேசு’, ‘வலிது’ என்னும் இரண்டுக்கும் இடையில்தான் விளையாட்டின் அறிவு முழுவதும் அடங்கியுள்ளது. இலேசான பிடி விரைவானது, அதன் பலன் சிறிது. வலிய பிடிக்குக் கணநேரம் கூடுதலாகத் தேவை. அந்தக் கணத்தில் எதிராளி நழுவலாம், அல்லது நம்மை அடிக்கலாம். களைப்பே இல்லாத எதிராளியிடம் தொடக்கத்திலேயே வலிய பிடியைப் போட முயன்றால், அவன் அதை எளிதில் திருப்பிவிடுவான். ஆகவே தேர்ந்தவர் சிறு பிடிகளில் தொடங்கி, எதிராளியின் திடத்தைப் படிப்படியாகத் தளர்த்திய பிறகே பெரிய வீச்சுகளுக்குப் போகிறார். கச்சேரி தொடங்கியதுமே யாரும் தனி ஆவர்த்தனத்தை எதிர்பார்ப்பதில்லை. பொறுமையற்றவர் இங்கே தண்டனை பெறுகிறார்; அத்தண்டனையை விதிப்பது விதிப்புத்தகமன்று, ஆட்டத்தின் நடை.

அடுத்தது எதிர்ப்பிடி. எதிராளி நம்மைப் பற்றி வீசத் தொடங்கும் கணத்தில், கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் மேல்விளிம்புப் பொத்தானைச் சரியாக அழுத்தினால் அப்பிடியை அவன்மீதே திருப்பலாம். முந்தி அழுத்தினாலும் பயனில்லை, பிந்தி அழுத்தினாலும் பயனில்லை. இதன் விளைவு நோக்கத்தக்கது. விளையாடுபவரின் கண் தம் மல்லன்மீது இருப்பதில்லை. எதிராளியின் தோளும் காலும் எப்படி அசைகின்றன என்பதிலேயே ஊன்றியிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பரின் பழக்கங்களை, அவர் பதற்றமடையும் தருணங்களை, அவருக்குப் பிடித்த வீச்சுகளை நாளடைவில் மனப்பாடமாக அறிய வேண்டியதாகிறது. பகைவனை வெல்ல வந்தவர் அவனை ஆழ்ந்து கவனிக்கக் கற்றுக்கொள்கிறார். மெய்யான கோதாவில் இரு மல்லர்களை இணைக்கும் அந்தக் கவனத்துக்கு, பொத்தான்களின் உலகில் இதைவிட நெருங்கிய ஒப்புமையை நான் அறியேன். சிக்கலுக்கு ஆக்கி கண்ட விடை இதுவே.

குறையாத உயிர்க்கோல்

சண்டை விளையாட்டுகளில் வழக்கமாக ஓர் உயிர்க்கோல் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் அது குறையும், குறைந்தது மீளாது, வெறுமையானதும் ஆட்டம் முடியும். மனித உடலை வற்றும் குளமாகக் காணும் பார்வை அது. ‘நோ மெர்சி’யில் உயிர்க்கோல் இல்லை. அதற்கு மாறாக மன ஊக்கத்தைக் காட்டும் ஓர் அளவுகோல் உண்டு. நல்ல வீச்சு அமைந்தால் அது உயரும். அடி வாங்கினால் தாழும். எவ்வளவு தாழ்ந்தாலும் மீண்டும் உயரலாம். ஒரே ஓர் எதிர்ப்பிடி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சவடால், அவ்வளவே போதும். அடிபட்டுக் கிடந்தவன் புத்துயிர் பெறுகிறான். அளவுகோல் நிறைந்து மின்னும்போது, தனக்கே உரிய முடிப்புப் பிடியை அவன் போடலாம். அந்த நிலையும் நிலைத்து நிற்பதன்று. பயன்படுத்தாவிடில் சிறிது நேரத்தில் வடிந்துவிடும்.

நின்டென்டோ 64 கருவியின் கட்டுப்பாட்டுப் பிடிக்கு நடுவே ஒரு குச்சி உண்டு. அக்காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் பாத்திரங்களை நடத்துவது அந்தக் குச்சியே. ஆக்கியின் விளையாட்டுகளிலோ நடப்பதற்குச் சிலுவை வடிவப் பொத்தான் போதுமென்று விட்டுவிட்டு, அக்குச்சியைச் சவடாலுக்கும் முடிப்புப் பிடிக்கும் மட்டுமே ஒதுக்கினார்கள். முழுமையான ஒரு கருவியைப் பெருமிதத்தை வெளிப்படுத்துவதற்கென்றே தனியாகக் கொடுத்தது தற்செயல் அன்று. மல்யுத்தத்தில் உடல்வலிமையைக் காட்டிலும் மெய்ப்பாடே தலைமையானது என்பதைப் புரிந்துகொண்டவர்களின் முடிவு அது.

உடல் மறக்கப்படவும் இல்லை. ஒரே காலைத் தொடர்ந்து தாக்கினால் எதிராளி அந்தக் காலைப் பிடித்துக்கொள்கிறான். பின்னர் அக்காலைத் திருகிப் பணியவைப்பது எளிதாகிறது. இருந்தும், இரு தோள்களும் தரையில் அழுத்தப்பட்டு நடுவர் ‘இரண்டு’ என்று எண்ணிய பிறகும், மூன்றுக்குமுன் தோளை உயர்த்த இடம் உண்டு. வீழ்ந்தவனை முடிந்தவன் என்று இந்த விளையாட்டு அவசரப்பட்டுத் தீர்ப்பிடுவதில்லை.

தோல்விக்கும் ஒரு பாதை

இந்தப் பண்பு உச்சம் பெறுவது பட்டப்போட்டிப் பகுதியில். கழகத்தின் ஏழு பட்டங்களுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்கதை அமைத்திருக்கிறார்கள். கழகத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் அவ்வாண்டுகளில் நடந்த பூசல்களே அக்கதைகளுக்கு அடிப்படை. புதுமை கதைகளில் இல்லை. அவற்றின் கிளைப்பில் இருக்கிறது. ஒரு போட்டியில் வென்றால் கதை ஒரு திசையில் செல்லும். தோற்றால் பெரும்பாலும் ‘ஆட்டம் முடிந்தது, மீண்டும் முயல்க’ என்ற அறிவிப்பு வருவதில்லை. கதை வேறொரு திசையில் திரும்பித் தொடர்கிறது. தோற்றவனுக்கு வேறு எதிரிகள், வேறு நண்பர்கள், வேறு வாய்ப்புகள்.

அது மட்டுமன்று. ஒரு பட்டத்தின் கதையை எத்தனை விழுக்காடு கண்டிருக்கிறோம் என்று விளையாட்டு கணக்கு வைத்திருக்கிறது. வென்றுகொண்டே போகிறவருக்கு அந்தக் கணக்கு நூறு ஆவதில்லை. எல்லாக் கிளைகளிலும் நடந்து பார்க்க வேண்டுமானால், சில போட்டிகளில் தோற்றே ஆக வேண்டும். வெல்லும் ஆற்றல் பெற்ற ஒருவர், தாமே மல்லாந்து படுத்து நடுவர் மூன்று எண்ணும்வரை காத்திருக்கும் விந்தையான காட்சி இங்கே நிகழ்கிறது. அந்தக் கணத்தில், தம்மை அறியாமலே, அவர் மெய்யான கோதாவின் ஜாப்பர் செய்யும் பணியைச் செய்கிறார். கதை தொடர வேண்டும் என்பதற்காகத் தோல்வியைத் தேர்ந்தெடுக்கிறார்.

பள்ளியிலும் பணியிலும் வெற்றி ஒன்றே பாதை என்றும், தோல்வி சுவர் என்றும் கற்பிக்கப்படுகிறது. தோல்வியும் ஒரு வாசல்தான், அதன் வழியே மட்டும் காணக்கூடிய அறைகள் உண்டு என்று அறிவுரையாகச் சொன்னால் எந்த இளைஞரும் கொட்டாவி விடுவார். இவ்விளையாட்டு அதைச் சொல்வதில்லை, செய்ய வைக்கிறது. ‘இரக்கம் கிடையாது’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த படைப்பின் உள்ளே, தோற்றவரைக் கைவிடாத ஓர் ஏற்பாடு இருப்பதை இங்கே காண்கிறோம்.

குறைகள்

நிறைகளை மட்டும் கூறுவது திறனாய்வாகாது. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு சிறிது. அதனால் மல்லர்களின் நுழைவுக் காட்சிகள் முந்தைய ஆண்டின் விளையாட்டில் இருந்ததைவிடக் குறுக்கப்பட்டன. குரல் வருணனை கிடையாது. உரையாடல்கள் எழுத்தாகவே ஓடுகின்றன. கோதாவில் நால்வர் கூடினால் திரையின் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. நால்வர் ஒரே நேரத்தில் விளையாட வழிசெய்திருப்பது இக்கருவியின் தனிச்சிறப்பு என்பதால், இந்தத் தளர்ச்சி கூடுதலாக உறுத்துகிறது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று. தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த பிரதிகள் சிலவற்றில், சேமித்து வைத்த பதிவுகள் காரணமின்றி அழிந்துபோயின. வாரக்கணக்கில் திறந்த பாதைகளும் தாமே உருவாக்கிய மல்லர்களும் ஓரிரவில் மறைந்தால் விளையாடியவர் மனம் என்னவாகும்? வெளியிட்டவர்கள் திருத்திய பிரதிகளை வழங்க நேர்ந்தது. தோல்வியையும் நினைவில் வைத்துக் கதையாக்கும் ஒரு விளையாட்டு, தன் நினைவையே இழந்தது ஒரு கசப்பான முரண்.

கலைக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம், நோக்கின் குறைகளை எளிதில் பொறுக்க இயலாது. போட்டிகளில் ஈட்டிய பணத்தைக்கொண்டு பொருள் வாங்க உள்ளே ஒரு கடை வைத்திருக்கிறார்கள். உடைகளும் வீச்சுகளும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன, ஆட்களும் கிடைக்கின்றனர். மல்லர் பட்டியலில் ஒரு பெண்ணுக்குப் பெயரே இல்லை; விலைமகளைக் குறிக்கும் கொச்சைச் சொல்லே அவளுக்குப் பெயராக இடப்பட்டுள்ளது. தொலைக்காட்சியில் கழகம் நடத்திய கீழ்மையை அப்படியே பெயர்த்து வைத்தோம் என்று படைத்தவர்கள் சமாதானம் கூறக்கூடும். ஆனால் அதே விளையாட்டில் சைனா என்னும் வீராங்கனையும் இருக்கிறார். 1999 அக்டோபர் 17ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் நடந்த, ‘நோ மெர்சி’ என்றே பெயரிட்ட நிகழ்ச்சியில், ஆடவர்க்கே உரியதாக இருந்த இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வென்ற முதற்பெண் அவர். திரையில் அவர் எந்த ஆடவரோடும் சமமாக மோதலாம். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மதிப்பளிக்க அறிந்த கைகளே, இன்னொரு பெண்ணுக்குப் பெயர்கூட இட மறுத்தன. முன்னது இயலும் என்று காட்டிய பிறகு, பின்னதற்கு மன்னிப்பு எங்கே?

எழாத உடல்கள்

இறுதியாக, இவ்விளையாட்டை இன்று ஆடுபவர் எவரும் தவிர்க்க முடியாத ஒன்றைக் கூற வேண்டும். திரையில் இருப்பவர்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். பெயரும் முகமும் உடலும் கொண்ட மனிதர்கள். 2000ஆம் ஆண்டில் அவர்களுள் பெரும்பாலோர் இளமையின் வலிமையில் இருந்தனர்.

இவ்விளையாட்டு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே எச்சரிக்கை ஒலித்துவிட்டது. 1999 மே 23ஆம் நாள் கான்சஸ் நகர அரங்கில், கூரையிலிருந்து கோதாவுக்குள் இறக்கப்படும் வித்தையின்போது ஓவன் ஹார்ட் என்னும் மல்லர் தவறி விழுந்து இறந்தார். அன்றிரவு நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. எஞ்சிய போட்டிகள் அதே கோதாவில் நடந்தன. ‘இரக்கம் கிடையாது’ என்ற சொற்றொடருக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. எடி குரேரோ 2005இல் தம் 38ஆம் வயதில் இறந்தார். சைனா 2016இல் 46ஆம் வயதில் இறந்தார். கிறிஸ் பென்வா 2007 சூன் மாதத்தில் தம் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையை ஆய்ந்த மருத்துவர்கள், பலமுறை அடிபட்டதால் நேர்ந்த கடுமையான சேதத்தை அதில் கண்டனர். கொலைக்கு அது முழு விளக்கம் ஆகிவிடாது. கொல்லப்பட்ட இருவர்க்கும் அது ஆறுதலும் ஆகாது. ஆனால் இந்த விளையாட்டில் பென்வாவைத் தேர்ந்தெடுத்து, கோதாவின் மூலைக் கம்பத்தில் ஏற்றினால், கீழே கிடப்பவன்மீது அவர் தலையை முன்வைத்துப் பாய்கிறார். அது அவருடைய புகழ்பெற்ற வீச்சு. திரையில் அவர் நொடிகளில் எழுந்து நிற்கிறார். நாம் மீண்டும் பொத்தானை அழுத்துகிறோம். அவர் மீண்டும் ஏறுகிறார், மீண்டும் பாய்கிறார்.

இங்கேதான் இவ்விளையாட்டின் இரக்கம் தன் எல்லையைத் தொடுகிறது. வீழ்ந்தவன் மீண்டும் எழலாம் என்று அது சொன்னது அழகானது. கோதாவின் உள்ளே அது உண்மையும்கூட. கோதாவுக்கு வெளியே அவ்வாறு இல்லை. வற்றும் உயிர்க்கோலைத் திரையிலிருந்து அகற்றியவர்கள், அது மெய்யான உடல்களில் இருப்பதை அகற்ற முடியாது. ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் அந்த உடல்களில் எங்கோ ஒரு கோடு குறைந்துகொண்டே வந்தது; அதைக் காட்டும் அளவுகோல் தொலைக்காட்சியிலும் இல்லை, விளையாட்டிலும் இல்லை. ஷான் மைக்கேல்ஸ் என்னும் மல்லர் 1998இல் முதுகுக் காயத்தால் கோதாவை விட்டு விலகியிருந்தார். ஆந்த்ரே தி ஜயன்ட் 1993லேயே இறந்துவிட்டார். இருவரையும் இதனுள் மறைத்து வைத்திருக்கிறார்கள்; முயன்று திறந்தால் இருவரும் வலியின்றி வந்து மோதுவார்கள். இதை நினைவுக்குச் செய்த மரியாதை என்றும் கொள்ளலாம். உடலின் வலியை மறக்கச் செய்யும் மாயம் என்றும் கொள்ளலாம். இரண்டும் ஒருங்கே உண்மை என்றே நான் எண்ணுகிறேன்.

ஆகவே இவ்விளையாட்டைத் தள்ளிவிட வேண்டுமா? தேவையில்லை. 2023இல் வெளியான ‘ஃபைட் ஃபாரெவர்’ என்ற மல்யுத்த விளையாட்டின் ஆக்கத்தில், ‘நோ மெர்சி’யை இயக்கிய ஹிதேயுகி இவாஷிதாவையே துணைக்கு அழைத்தார்கள். அவர் அன்று கண்ட முறைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது என்பதற்கு அது சான்று. எதிராளியைக் கவனி, பொறுத்திரு, வீழ்ந்தாலும் தோளை உயர்த்து, தோற்றாலும் கதையைத் தொடர் என்று கைவிரல்களுக்குக் கற்றுத் தரும் ஒரு படைப்பை நன்றியோடு ஏற்கலாம்.

ஆனால் ஏற்பவர் ஒன்றை மறவாதிருத்தல் நலம். பொத்தானை அழுத்தும் விரலுக்கு வலிப்பதில்லை. திரையில் விழுகிற ஒவ்வோர் உருவத்துக்கும் பின்னால், ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் இரவில், உண்மையாகவே விழுந்த ஓர் உடல் இருந்தது. எந்த வல்லுநரும் இவ்விளையாட்டுக்குள் எழுதி வைக்க இயலாத இரக்கம் அந்த உடலை நினைப்பதே. அது நம்மிடமிருந்துதான் வர வேண்டும். திரையை அணைத்த பிறகாவது வருகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.